பழைய அம்பாசிடருக்கு இன்ஜின் வேலை பார்ப்பதா, இன்ஜினையே மாற்றுவதா?

பெரியப்பா வைத்திருந்த 1978 மாடல் மார்க் 3 அம்பாசிடர் என் கைக்கு வந்ததும் அதை முதலில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். ஏற்றத்தில் இழுவை இல்லை, ஐடிலில் நடுக்கம், சைலன்சரில் படபட என்று சத்தம். மெக்கானிக் பானட்டைத் தூக்கி, ஆயில் மூடியைக் கழற்றினார். லேசாகப் புகை வந்தது. "இன்ஜின் போச்சு சார். இதுக்கு செலவு பண்றது வேஸ்ட். நம்மகிட்ட ஒரு டீசல் இன்ஜின் இருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்றார். வண்டியை அவர் பார்த்தது மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வயதான இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஆயில் மூடியைத் தொடவே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். ஒரு சிகரெட் அட்டையில் எழுதினார்: 125, 60, 65, 120. "ரெண்டும் மூணும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுச்சுவர் இடிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைக் கழற்றியபோது இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் (மூடிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) கருகி, ஒரு விரல்கடை அகலத்துக்குக் காணாமலே போயிருந்தது. ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாகச் சீவி (ஃபேஸ் கட்), வால்வுகளை அவை உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்தி (லேப்பிங்), புதுக் கேஸ்கட் போட்டோம். வண்டி இன்றைக்கும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது.

பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது வீட்டில் கிடந்ததை எடுத்து ஓட்ட ஆசைப்படுகிறீர்கள், யாரோ "இன்ஜினை மாத்திடுங்க" என்கிறார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வண்டி அம்பாசிடர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின்?

அம்பாசிடர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1950-களின் கடைசியில் வரத் தொடங்கிய வண்டி, 2014 மே மாதம்வரை வந்துகொண்டிருந்தது. உடம்பு பெரிதாக மாறவில்லை, உள்ளே இருந்த இன்ஜின் பலமுறை மாறியது. பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளில் இருப்பது 1489 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது, ஏறக்குறைய 50 குதிரைத் திறன். அதே குடும்பத்தில் அதே 1489 சி.சி.யில் டீசலும் உண்டு; அதன் திறன் 37 குதிரையை ஒட்டித்தான் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் இசுஸு வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோல் வந்தது. ஐந்து கியர், 75 குதிரை. பிறகு இசுஸுவின் 2 லிட்டர் டீசலும் வந்தது.

ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் உள்ள இன்ஜின் எண், எரிபொருள், சி.சி. மூன்றையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது ஏதோ சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். புத்தகத்தில் பெட்ரோல் என்றிருக்கும், பானட்டைத் திறந்தால் டீசல் உறுமும். பழைய வண்டிகளில் இது சகஜம். யாரோ எப்போதோ மாற்றிவிட்டு எழுதாமல் விட்டிருப்பார்கள். அந்தத் தலைவலியோடு வண்டியை வாங்குகிறோமா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கண்ணும் காதும் சொல்வதைக் கேளுங்கள், முழுவதும் நம்பாதீர்கள்

காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டறைக்காரர் ஏற்கெனவே சூடாக்கி வைத்த இன்ஜின் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு வாய் தள்ளிவிட்டு அடங்கினால், அல்லது இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்தால், வால்வு கைடும் அதன் சீலும் தேய்ந்திருக்கலாம். அது ஹெட்டோடு முடிகிற வேலை. இழுவையில், ஏற்றத்தில் தொடர்ந்து நீலமாகத் தள்ளினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், சிலிண்டரின் உள்சுவரான போர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது; கார்புரேட்டர் பக்கம் போங்கள், இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, அதோடு ரேடியேட்டரில் தண்ணீர் குறைவது, ஆயில் மூடிக்கு அடியில் மோர்க்குழம்பு மாதிரி திட்டுத் திட்டாகப் படிவது, இவை சேர்ந்து வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. குளிர்காலக் காலையில் சைலன்சரிலிருந்து வரும் நீராவியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

சத்தத்தில் டிக் டிக் என்று மேலிருந்து வருவது பெரும்பாலும் டப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் சந்து. அரை மணி நேர வேலை. கீழிருந்து, இழுவையில் டொக் டொக் என்று கனமாக வந்தால் பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இன்னும் 10 கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் கிராங்க்கையே, அதாவது இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டையே இழந்திருக்கிறார்கள்.

ஆயில் ஒழுகுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த பி சீரிஸ் இன்ஜினில் கிராங்க்கின் பின்பக்கம் இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது. தண்டில் திருகுமரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சுழலும்போது அது ஆயிலை உள்ளே தள்ளிவிடும். நின்றால் தள்ள ஆள் இல்லை, இரண்டு சொட்டு கீழே விழும். அது அதன் பிறவிக் குணம். காலையில் தரையில் ஒரு ரூபாய் அளவு கறை இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டு அளவு இருந்தால், ரிங் வழியாகக் கீழே இறங்கும் காற்று ஆயிலைப் பிதுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேஜ் வையுங்கள்

கம்ப்ரஷன் கேஜ் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும். மெக்கானிக் வைத்திருந்தாலும் நீங்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்க்காரருக்கு அது வீட்டில் இருக்கும் தெர்மாமீட்டர் மாதிரி.

செய்முறை எளிது. வண்டியை ஒரு சுற்று ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். காயில் வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும்; ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் காற்று சரியாக உள்ளே போகாது, எண் பொய்யாகக் குறைவாக வரும். ஆறு ஏழு தடவை முள் ஏறும்வரை அடித்து, எழுதிக்கொண்டு, அடுத்ததற்குப் போங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும்.

இந்த இன்ஜினில் 120 பி.எஸ்.ஐ.-க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணைவிட முக்கியம், நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம். நான்கும் 105 என்று ஒன்றுபோல இருக்கும் இன்ஜின் வயதானது, ஆனால் ஓடும். மூன்று 130, ஒன்று 80 என்றால் அந்த ஒன்றில்தான் நோய்.

எண் குறைவான சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். எண் சட்டென்று ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் இடுக்கை அடைத்ததால் ஏறியது. ஏறவே இல்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கட். இந்த ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை வெளியேற நடுவில் ஒரே வாசல்தான். அந்த இடம்தான் எப்போதும் அதிகம் சூடாகும், அங்கேதான் கேஸ்கட்டும் முதலில் கருகும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

அடுத்து ஆயில் பிரஷர். டேஷ்போர்டில் இருக்கும் மீட்டரையோ லைட்டையோ நம்பாமல், பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்திருக்கும் இன்ஜினின் உடம்பு) நேராக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடானபின் ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. ஒட்டியும், ஐடிலில் 15-க்குக் குறையாமலும் இருந்தால் கிராங்க், பேரிங் உள்ள அடிப்பகுதி நிம்மதியாகத் தூங்குகிறது. கம்ப்ரஷன் நன்றாக இருந்து பிரஷர் மட்டும் படுத்தால் பேரிங் அல்லது ஆயில் பம்ப்.

பிளக்குகளைத் துணியில் வைத்தீர்கள் இல்லையா, அவற்றையும் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் நல்லது. ஈரமான கறுப்பு, ஆயில். காய்ந்த கரி, அதிகப் பெட்ரோல். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, வால்வு கருகும் வழி.

இன்ஜினைக் கழற்றும் முன் சில்லறை வேலைகளை முடியுங்கள்

'இழுவை இல்லை' என்று வரும் வண்டிகளில் பாதிக்குமேல் இங்கேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 15 தௌ. 'தௌ' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் இந்தக் கணக்குத்தான் பேசுவார்கள், பழகிக்கொள்ளுங்கள். பிளக் இடைவெளி 25 தௌ. டப்பெட் இடைவெளி வழக்கமாக 15 தௌ, ஆனால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் வயர் வரிசை 1-3-4-2. யாரோ துடைத்துவிட்டு மாற்றி மாட்டியதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து நானே ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன்.

பழைய எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் அதன் தலையில் உள்ள கறுப்புத் திருகைக் கழற்றி, உள்ளே ஆயில் இருக்கிறதா பாருங்கள். அது காய்ந்துபோனால் ஆக்சிலேட்டர் மிதித்ததும் வண்டி விக்கும். மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடவிட்டு, இணைப்பு ஓரமாகக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை உள்ளே உறிஞ்சப்படும், ஐடில் சத்தமும் மாறும்.

இதோடு இப்போதைய பெட்ரோல் பிரச்சினை. இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் வண்டி பிறந்தபோது அப்படி ஒன்று கிடையாது. பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பி, உள்ளே துகள் துகளாக உதிரும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் விறைத்துப்போகும். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க் துருப்பிடிக்கும். குழாய்கள் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். எத்தனால் கலந்தால் கலவை மெலிந்துவிடும் என்பதால் கார்புரேட்டரைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் சட்டம்

பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இதை நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் போடுவதற்கு வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில், முடிந்தால் அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி. நகல் கையில் வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் கிடைக்கும். பில் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் அந்தக் கடையை விட்டு நகருங்கள். திருட்டு வண்டி இன்ஜின் உங்கள் பானட்டுக்குள் உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்து எண்ணைப் பார்த்தாலும் அதே கதை.

பெட்ரோல் வண்டியில் ஏதோ ஒரு ஜீப்பின் டீசல் இன்ஜினை உட்கார வைப்பது இந்த வழியில் சேராது. சி.என்.ஜி., எலக்ட்ரிக் மாற்றம் வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற மையம் என்று மட்டுமே போக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021-ல் வந்த விதியின்படி முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். 'வி.ஏ.' எழுத்து உள்ள தனி எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது. விண்டேஜ் எண் வாங்கினால் தினமும் ஆபீஸ் போகவோ வாடகைக்கோ ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் மார்க் 3-க்கு 2028-ல் 50 வயது. அன்றைக்கு அந்த டீசலை வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கதவு எனக்கு மூடியிருக்கும்.

சாதாரணப் பதிவிலேயே தொடர்பவர்களுக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 10,000 ஆனது. பசுமை வரி தனி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள்.

இன்ஜினைத் திறந்து பார்த்து முடிவெடுப்பது

கேஜ் ரிங் அல்லது பேரிங் என்று சொல்லிவிட்டது, இறக்கத்தான் வேண்டும். இப்போதும் முடிவு உங்கள் கையில் இல்லை. அது பிளாக்கின் கையில் இருக்கிறது. பிஸ்டன் வாங்கலாம், கிராங்க் கிரைண்ட் பண்ணலாம், ஹெட் வேறு போடலாம். பிளாக் போனால்தான் இன்ஜின் போனது.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். தேய்மானம் இருந்தால் நகம் ஒரு படியில் தட்டும். ரிங் எட்டாத இடம் தேயாமல் நின்றிருக்கும். எட்டிய இடம் குழிந்திருக்கும். அந்தப் படி லேசாக இருந்து, லேத் பட்டறைக்காரர் டயல் கேஜ் வைத்து மேலுக்கும் கீழுக்கும் ஐந்தாறு தௌ வித்தியாசத்துக்குள் சொன்னால், புது ரிங் செட்டும் ஹோனிங்கும் (சுவரை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது) போதும். எட்டு, பத்து தௌ என்று போனால் போர் பண்ண வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். இந்த இன்ஜினின் அசல் போர் 73.025 மில்லிமீட்டர். 20, 30, 40 தௌ பெரிய பிஸ்டன்கள் கிடைக்கும். பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் போர் பண்ணக் கொடுங்கள். போர் பண்ணிவிட்டுப் பிஸ்டன் தேடக்கூடாது. பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப வெட்டுவார். ஏற்கெனவே 40 தௌ போயிருந்தால் லைனர் (சிலிண்டருக்குள் இறுக்கும் இரும்புக் குழாய்) அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்கே வரலாம். 'கடைசி சைஸும் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால் லைனரைப் பற்றிக் கேளுங்கள்.

வெடிப்பு வேறு விஷயம். நண்பர் ஒருவர் வண்டியில் பல வருஷம் ரேடியேட்டருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றி, உப்புப் படிந்து, பிளாக்கின் உள்வழிகள் பாதி அடைத்திருந்தன. நெடுஞ்சாலையில் முள் சிவப்புக்குப் போனபோது ஓரம் கட்டி, கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழே தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதற்கு இன்னொரு பிளாக் தேடினோம், கிடைத்தது. அதே பி சீரிஸ், அதே 1489. ஆர்.சி.யில் எண்ணை மாற்ற மட்டும் நான்கு தடவை அலைந்தார்.

கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 10, 20, 30, 40 தௌ குறைத்து கிரைண்ட் பண்ணி அதற்கேற்ற பேரிங் போடலாம். கிராங்க்கில் வெடிப்பு இருக்கிறதா என்று காந்தச் சோதனை செய்யும் பட்டறை கோயம்புத்தூர், சென்னை மாதிரி ஊர்களில் உண்டு, கேட்டுச் செய்யுங்கள்.

ஹெட் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. பழைய ஹெட்டில் வால்வு நேராக இரும்பில்தான் உட்காரும். மெத்தை போனபிறகு வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இரும்பைத் தின்று உள்ளே இறங்கும். டப்பெட் இடைவெளி மறுபடி மறுபடி குறைந்துகொண்டே போகிறது என்றால் அதுதான் அறிகுறி. கடினமான சீட் வளையங்களை அழுத்தி வைத்துவிட்டால் தீர்ந்தது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து அடிப்பகுதி வேலைக்கு இன்ஜினை இறக்கினேன். அவசரத்தில் பிளாக்கை வெளியே மட்டும் கழுவினேன். பக்கவாட்டில் வட்ட மூடிகள் இருக்கும், கோர் பிளக் என்பார்கள். அவற்றைத் தட்டி எடுத்து உள்ளே சுத்தம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. புது பிஸ்டன், புது ரிங், எல்லாம் புதுசு. முதல் கோடையில் கொதித்தது. மறுபடி இறக்கி அந்த மூடிகளைத் தட்டினால், ஒரு டம்ளர் நிறைய செம்மண் மாதிரி துரு. பிளாக்கை லேத்துக்கு அனுப்பும் முன்பே மூடிகளை எடுத்து, மருந்துத் தொட்டியில் ஊறவைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்ட்டும் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள்.

கணக்குப் போடும்போது

ரூபாய் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், அதனால் எண் சொல்லவில்லை. எங்கே பணம் போகும் என்று மட்டும் சொல்கிறேன். இன்ஜின் வேலை பார்த்தால் லேத் கூலி, பார்ட்ஸ், கழற்றி மாட்டும் கூலி. இவை முன்கூட்டியே தெரியும். இன்ஜின் இறங்கியிருக்கும்போது கிளட்ச், வாட்டர் பம்ப், மவுண்டிங் ரப்பர், ரேடியேட்டர் சுத்தம் இவற்றையும் சேர்த்துச் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வேறு வகை இன்ஜின் போட்டால் விலை சொல்லும்போது இன்ஜின் மட்டும்தான் இருக்கும். அப்புறம் கியர்பாக்ஸ் சேராது. சேர்ந்தால் பின்னால் போகும் ஷாஃப்ட் நீளம் சேராது. மவுண்டிங் வெல்டிங், சைலன்சர் வளைவு, ரேடியேட்டர், வயரிங் என்று ஒவ்வொன்றாக வரும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள, 50 குதிரைக்குச் செய்த வண்டியில் பெரிய இன்ஜினை வைத்தால் ஓடும்; நிற்பதுதான் பிரச்சினை. கனமான டீசலை முன்னால் உட்கார வைத்தால் ஸ்டியரிங்கும் முன் சஸ்பென்ஷனும் அதைத் தாங்க வேண்டும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டப்போகிறேன், ஏசி வேண்டும் என்பவர்கள், ஆலையிலேயே இசுஸு இன்ஜினோடு வந்த அம்பாசிடரைத் தேடி வாங்குவது மேல். வீட்டுப் பழைய வண்டியை அறுத்து அப்படி ஆக்க முயல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிளாக் போய், வேறு பிளாக் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பழைய பிளாக்கை இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, எண் தெரியும்படி ஒரு மூலையில் வையுங்கள். வார்ப்பிரும்பு வெடிப்பைத் தைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மாட்டிய பிறகு

புதிதாக வேலை பார்த்த இன்ஜினை உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு, கேஜில் ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். விலை உயர்ந்த மெல்லிய சிந்தெடிக் ஆயில் இந்த இன்ஜினுக்கு வேண்டாம். இதன் கேம், டப்பெட் இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஓடுபவை என்பதால், துத்தநாகம் சேர்ந்த, பழைய இன்ஜின்களுக்கான ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கொஞ்சம் வேகத்தில், ஏற்றி இறக்கி ஓடவிட வேண்டும். ரிங் உட்காருவதற்கு அழுத்தம் வேண்டும். முதல் 1,000 கிலோமீட்டருக்கு 60-க்கு மேல் போக வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதையும், டாப் கியரில் திணறத் திணற ஏற்றம் ஏறுவதையும் தவிருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜின் ஆறியபிறகு ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கி, டப்பெட்டை மறுபடி அளந்து வையுங்கள். ஹெட் இறுகினால் டப்பெட் இடைவெளி மாறிவிடும். இதை மறந்துவிட்டு, வேலை சரியில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

வடித்த அந்த முதல் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுவென்று லேசான தூள் இருந்தால் அது ரிங் உட்கார்ந்த அடையாளம், சரி. செம்பு நிறத்தில் செதில் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் கம்ப்ரஷன் கேஜை மறுபடி எடுத்து, நான்கு எண்ணையும் தேதியோடு ஆர்.சி. உறையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். என் உறையில் அந்தச் சிகரெட் அட்டையும் இருக்கிறது.